பன்னிரண்டாவது ஊசி

இசையின் வரலாறு
தொப்பூர்க் கணவாயில் ஆறு மணி நேரம் சிக்கி நின்று
பாலக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது
இரவு மணி இரண்டு.

செயல் அலுவலர் விடுப்பில் இருந்தார்.
வீட்டு வரியும் குடிநீர் வரியும் வசூலிக்கிற என்னிடம்
பதினாறு பெட்டிகளைக் காட்டிக்
கையெழுத்துக் கேட்டார்கள்.
எண்ணி வாங்கினேன்.
எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வீணை ஒன்று, தந்தி இரண்டு குறைவு.
தம்புரா ஒன்று.
இசைத்தட்டு நாற்பது, விரிசல் விட்டவை மூன்று.
குழாய் வைத்த கிராமபோன் ஒன்று.
தகர டப்பியில் ஊசி பன்னிரண்டு.

சமுதாயக் கூடத்துச் சுவரில்
போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகள்
'கோகிலவாணி வெட்ஸ்' வரைக்கும் மிச்சமிருந்தன.
மாப்பிள்ளையை யாரோ பெயர்த்தெடுத்திருந்தார்கள்.
இடம் அங்கேதான் இருந்தது,
தம்புராவை நிறுத்தினோம்.

முதல் நாள் ஒருவரும் வரவில்லை.
தக்காளி கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்திருந்தது.
மண்டியில் கொட்டிவிட்டுப் போவதா
வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றுவதா என்று நிற்பவனிடம்
காம்போதியைப் பற்றி என்ன சொல்ல?

இரண்டாம் நாள் மழை.
ஒதுங்க வந்தவர்கள்
தலை துவட்டிக்கொண்டே கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தார்கள்.
லோடு இறக்கும் மாதையன்
ஈரக் கையை லுங்கியில் துடைத்து
ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.
மூன்று நிமிடப் பாட்டை மூன்று முறை கேட்டார்.
கழற்றி என்னிடம் நீட்டி,
"உள்ள யாரோ இருமுறாங்க" என்றார்.

கேட்டேன்.
பாட்டு மேலே ஏறுகிற இடத்தில்,
பாடுகிறவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி,
அடக்கப் பார்த்து
அடங்காமல் போன ஒரு இருமல்.

அட்டையில் பாடியவர் பெயர் இருந்தது.
பிடில், மிருதங்கம், கம்பெனி, வருஷம்,
தட்டு சுற்றும் வேகம்கூட இருந்தது.
இருமியவர் இல்லை.

அப்புறம் வரிசையை என்னால் சமாளிக்க முடியவில்லை.
மண்டியிலிருந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து,
டியூஷன் முடிந்த பிள்ளைகள், மெக்கானிக் கடைப் பையன்கள்.
"இருமல் எந்தப் பெட்டியில சார்?"
பொறுப்பாளர் அம்மா சென்னைக்குப் போன் செய்து
வருகை முன்னூற்றுப் பதினேழு என்றார்.
காரணத்தைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாலை, திருப்பி எண்ணும்போது
டப்பியில் பதினொன்று.

தரையைக் கூட்டினேன். ஜமக்காளத்தை உதறினேன்.
முன்னூற்றுப் பதினேழு முகங்களை
ஒவ்வொன்றாகச் சந்தேகித்துப் பார்த்தேன்,
இருபது முகத்துக்கு மேல் முடியவில்லை.

எதிரே ரஹமத்துன்னிசாவின் தையல் கடை.
படியில் என்னைப் பார்த்ததுமே
"தண்ணி வரி அடுத்த மாசம் சார்" என்றார்.
வரி வேண்டாம், உடைந்த ஊசி இருக்கிறதா என்றேன்.
பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார்.
ஒரு கை நிறைய
முறிந்த ஊசிகள்.
தடித்த பாதி ஒன்றை எடுத்து
அவர் வாசற்கல்லிலேயே உட்கார்ந்து
கூராகும் வரை தேய்த்தேன்.

"எதுக்கு சார்?"
"வரலாற்றுக்கு."
"அதுக்கு ரசீது தருவாங்களா?"

பொறுப்பாளர் அம்மா விரல் நுனியால் தள்ளித் தள்ளி எண்ணினார்.
பத்து, பதினொன்று,
என் காதுக்குள் மழை பெய்தது,
பன்னிரண்டு. சரி.
லாரி ஊத்தங்கரைக்குக் கிளம்பியது.

இப்போது அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது.
பக்கத்து ஊசிகள் நாற்பது தட்டுகளையும் உழுதவை.
இது பாலக்கோட்டில்
எத்தனையோ ஜாக்கெட்டுக்குக் கை வைத்துவிட்டு
ஏதோ ஒரு முரட்டு மடிப்பில் முறிந்தது.
ஒரு சங்கதியும் தெரியாது அதற்கு.
யாராவது அதைப் போட்டுத் தட்டைச் சுற்றினால்
என்ன ஆகும் என்று
சில ராத்திரிகளில் நினைக்கிறேன்.
கீறும். நிச்சயம் கீறும்.

நேற்று மண்டித் தெரு வசூலில்
மாதையன் எதிரே வந்தார், தோளில் இரண்டு கிரேட்.
வணக்கம் சொல்லக் கை இல்லை.
என்னைப் பார்த்து ஒருமுறை இருமினார்.

ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டு
நானும் இருமினேன்.